வாய் திறந்தால் விழும் பிஸ்கட்

"வாயை நல்லாத் திறந்து வச்சுக்கோங்க சார். மூடவே கூடாது. இப்போ கையை அசைங்க."

கேட்டுவிட்டாள். அந்தப் பயிற்சி அறையில் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று விதி இருந்த ஒன்றை, கடையில் உப்பு கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாள்.

சக்கர நாற்காலியில் இருந்த நடுவர் திறந்த வாயோடு அவளைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்த மச்சினன், திருகுவதை நிறுத்திவிட்டு முதலில் கதவைப் பார்த்தான், அப்புறம் சுவரைப் பார்த்தான். சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்தது: 'நினைத்துப் பாருங்கள் என்று சொல்க. அசையுங்கள் என்று சொல்லற்க.'

எழுதியவர் மையத்தின் இயக்குநர். 'சொல்லற்க' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இயக்குநர் வாயாலும் சொல்லியிருந்தார்: "இங்க வர்றவங்க எல்லாம் கழுத்துல, முதுகுல தண்டுவடம் அடிபட்டவங்க. அவங்ககிட்ட வேற எதை வேணும்னாலும் கேளு. கையை அசைங்க, காலை அசைங்கன்னு மட்டும் கேட்டுடாதே." முன்பு யாரோ ஒருவரிடம் யாரோ ஒருத்தி அப்படிக் கேட்டாளாம், அந்த மனிதர் முயன்று பார்த்து, அழுது, தலையில் மாட்டிய பயிற்சித் தொப்பியைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லையாம். காரணம் நியாயமானதுதான். அதுதான் தொல்லை. அநியாயமான விதியாக இருந்தால் முதல் வாரமே மீறியிருப்பாள்.

அவளுக்கு அங்கே பெயர் 'கொடி'. மையத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும், யார் எதைச் சொன்னாலும், "சார், அதுல ஒரு சந்தேகம்" என்று கையைத் தூக்குவாள். பந்து எல்லையைத் தாண்டிய மறுநொடி கொடியைத் தூக்கும் கோட்டு நடுவர் மாதிரி இருக்கிறது என்று பெயர் வைத்தவர் இந்த நடுவர்தான். அவர் நிஜமாகவே கால்பந்து நடுவர். மைதானத்தில் முறைத்துக்கொண்டு வந்த தடியர்களை எல்லாம் ஒற்றை விசிலில் அடக்கியவர். ஒருத்தனாலும் அவர் மேல் கை வைக்க முடிந்ததில்லை. கடைசியில் மச்சினன் வீட்டில் பல்ப் மாட்ட ஏறிய ஸ்டூல்தான் அவரைச் சாய்த்தது.

"ஸ்டூலைப் பிடிடான்னு சொன்னேன். போனைப் பிடிச்சான்" என்பார் நடுவர், யார் வந்து விசாரித்தாலும். மச்சினன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். அப்புறம் அவனே, "அது முக்கியமான போன் மாமா" என்பான். "யாருடா பேசினது?" "ராங் நம்பர்." இந்த உரையாடல் வாரம் ஒருமுறையாவது நடக்கும். அதே மச்சினன்தான் தினமும் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அக்கா புருஷனைத் தள்ளிக்கொண்டு வந்து, தொப்பி மாட்டும்வரை தலையைப் பிடித்து, இடைவேளையில் டீயும் பிஸ்கட்டும் ஊட்டி, ஊட்டும்போது வாய் ஓயாமல் பேசி, நடுவரின் உயிரை எடுப்பவன். நடுவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே லட்சியம், ஒரு பிஸ்கட்டைத் தன் கையால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வது. "அன்னைக்கே இவனுக்குச் சிவப்பு அட்டை. மைதானத்தை விட்டு வெளியே!"

கொடியின் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். மகளின் வேலையைத் 'தலையில ஒயர் மாட்டுற வேலை' என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் 'நினைத்துப் பார்' என்று சொல்லி அவள் கேட்டதில்லை. தூக்கு, மடி, ஓடு, படி. அவ்வளவுதான். அதனாலேயோ என்னவோ, நாள் பூராவும் "கை மூடுற மாதிரி நினைச்சுப் பாருங்க, நினைச்சுப் பாருங்க" என்று ஓதுவது அவளுக்கு வாயில் மணல் போட்ட மாதிரி இருந்தது.

ஓதினாலும், வேலை நடந்தது. நடந்தது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

வேலை இதுதான். தலையில் ஒரு தொப்பி. தொப்பி முழுக்கப் பொத்தான் பொத்தானாக முனைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொட்டு ஜெல். மூளையில் ஓடும் மெல்லிய மின்சாரத்தை அவை ஒட்டுக்கேட்கும். கணினி அதை அலசி, 'ஆசாமி கையை மூடப் பார்க்கிறார்' என்று முடிவு கட்டினால், முன்கையில் கட்டியிருக்கும் பட்டைக்குத் தகவல் போகும். பட்டை தசைக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுக்கும். விரல்கள் மடங்கும். கழுத்தில் அடைபட்ட சாலையை விட்டுவிட்டு வெளியே ஒரு மாற்றுப்பாதை. திரும்பத் திரும்ப அதில் போய் வந்தால், பழைய சாலையில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு இழைகளும் தூக்கம் கலைந்து எழலாம் என்பது நம்பிக்கை. நடுவருக்குத் தோளும் முழங்கையும் சொன்ன பேச்சைக் கேட்கும். விரல்கள்தான் கேட்காது. விரல் மடங்கினால் போதும், பிஸ்கட் தன் வசம்.

மையத்திலேயே நடுவரின் கைதான் நட்சத்திரம். மூடு என்று திரையில் பச்சை விளக்கு எரிந்தால் பந்தைக் கவ்வும். விளக்கு அணைந்தால் விடும். "தொண்ணூத்தி நாலு சதவீதம்!" என்று இயக்குநர் நடைபாதையில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளிக்குக்கூடத் தெரியும் அந்த எண். அடுத்த வாரம் மையத்துக்கு நிதி கொடுப்பவர்கள் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள். செய்துகாட்டப் போவது நடுவர். பக்கத்தில் நிற்கப் போவது கொடி. அது நல்லபடியாக முடிந்தால் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரம்.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. பந்தைப் பிடிக்கிற கை, பிஸ்கட்டை மட்டும் வாயில் சேர்க்கவில்லை. பிடிக்கும், தூக்கும், உதடுவரைக்கும் கொண்டுபோகும். உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் விட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் மடியில் விழும். "பயிற்சி போதாது" என்றார் இயக்குநர். "நேரம் சரியில்ல" என்றான் மச்சினன். "பிஸ்கட் சரியில்ல" என்றார் நடுவர்.

அன்று காலை இடைவேளையில்தான் விஷயம் உடைந்தது. வழக்கமாக இடைவேளையில் கொடி பட்டையை நிறுத்திவிடுவாள். அன்று அம்மாவிடமிருந்து போன் வந்த அவசரத்தில் மறந்துவிட்டாள். பேசிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், மச்சினன் ஊட்டிக்கொண்டிருக்கிறான், நடுவர் மென்றுகொண்டிருக்கிறார், மடியில் கிடக்கும் கை அவர் மெல்லுகிற தாளத்துக்குச் சரியாக மூடித் திறந்து, மூடித் திறந்து ஆடிக்கொண்டிருக்கிறது.

"மாமா, உங்க கையும் சேர்ந்து மெல்லுது பாருங்க!"

"அதுக்கும் பசிக்கும்ல. ஒண்ணு அதுக்கும் குடு."

கொடி சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றாள்.

"சார், அதை முழுங்கிடுங்க. இப்போ எதையுமே நினைக்காதீங்க. பல்லை மட்டும் ஒரு தடவை அழுத்திக் கடிங்க."

கடித்தார். கை மூடியது.

"இப்போ வாயைத் திறந்து வச்சுக்கிட்டு, எப்பவும் நினைக்கிற மாதிரி நினைங்க."

நினைத்தார். திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கை, விடுமுறை நாள் அலுவலகம் மாதிரி கிடந்தது.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. தொப்பியின் ஓரத்து முனைகள் நெற்றிப்பொட்டில் உட்காருகின்றன. பல்லைக் கடித்தால் இறுகுகிற தசையும் அங்கேதான் இருக்கிறது. மூளையின் முணுமுணுப்புக்கு நடுவில் அந்தத் தசையின் சத்தம், கல்யாண வீட்டு ஒலிபெருக்கி மாதிரி. கணினி எதைக் கேட்கும்? ஒலிபெருக்கியைத்தான் கேட்கும். தாடைச் சத்தத்தைத் தள்ளிவிட வடிகட்டி ஒன்று உண்டு. அது பாதி முயற்சிகளைச் 'செல்லாது' என்று கழித்துவிடுகிறது என்று இயக்குநர்தான் அதை அணைத்து வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குகிற கொடி, அதற்கு மட்டும் தூக்கவில்லை. தொண்ணூற்று நாலு அவளுக்கும் இனித்திருந்தது.

பிஸ்கட் ஏன் விழுகிறது என்பதும் விளங்கிவிட்டது. வாயைத் திறக்காமல் சாப்பிட முடியாது. வாயைத் திறந்தால் பல் விலகும். பல் விலகினால் கை விலகும். இந்தக் கையால் உலகத்தில் எதையும் பிடிக்கலாம். ஒரு வாய் சாப்பிட மட்டும் முடியாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்லிவைத்தவர்கள் இந்த இயந்திரத்தைப் பார்த்திருக்க முடியாது. பார்த்த மாதிரியே சொல்லியிருக்கிறார்கள்.

"சார், நினைச்சுப் பாருங்கன்னு நான் சொல்றப்போ நீங்க என்னதான் நினைப்பீங்க?" என்று கேட்டாள்.

நடுவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "மேட்ச்சைத்தான் நினைப்பேன். எவனாவது காலை வாருவான். நான் ஓடிப்போய் அட்டையை எடுத்து நீட்டுவேன். சினிமா மாதிரி ஓடும்மா. ஆனா வெறும் நினைப்புல என்ன வரும்னு ஒரு பயம். அதான் கூடவே பல்லையும் கடிச்சுக்குவேன். ஒரு முயற்சிதானே."

அதற்கப்புறம்தான் அவள் கேட்கக் கூடாததைக் கேட்டது.

பல் வைத்தியரிடம் வந்தவர் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு, நடுவர் கண்ணை மூடினார். நினைக்கவில்லை, படம் ஓட்டவில்லை. முயன்றார். ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளுக்கு அப்புறம் ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தார். கழுத்து சிவந்தது. மோவாயில் எச்சில் வடிந்தது. மச்சினன் துடைக்கப் போக, கொடி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது திரையின் ஒரு மூலையை. கை சும்மா இருக்கும்போது மூளையின் அந்தப் பகுதியில் ஒரு சோம்பேறி அலை ஓடிக்கொண்டிருக்கும், ஆளில்லாத கடையில் சுற்றும் மின்விசிறி மாதிரி. கடைக்காரர் வேலையைத் தொடங்கினால் விசிறி நிற்கும். இத்தனை வாரங்களாக அது நிற்காமல் சுற்றியிருக்கிறது, ஒருத்தரும் கவனிக்கவில்லை. இப்போது நின்றது.

நடுவர் கண்ணைத் திறந்தார். கையைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அவளைப் பார்த்தே கேட்டார்: "அசைஞ்சுதா?"

"இல்ல."

"மேடம், கொஞ்சம் பதமாச் சொல்லக் கூடாதா?" என்றான் மச்சினன்.

"பதமாச் சொன்னா அசைஞ்சுடுமா?" என்றாள். நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினாள். "கை அசையல சார். ஆனா இதைப் பாருங்க. கையை நீங்க கூப்பிட்டீங்க. இந்த இடம் எழுந்து நின்னுச்சு. இது பல்லு இல்ல. இது நீங்க."

நடுவர் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். அழுவாரோ என்று அவளுக்குப் பயம் வந்தது. சுவரில் ஒட்டியிருந்த வாசகமும் அவரோடு சேர்ந்து அவளைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவர் அழவில்லை. கோபப்பட்டார்.

"ஆஸ்பத்திரியில முதல் நாள் சோதிச்சதோட சரி, அப்புறம் ஒருத்தனும் கேட்கல. இங்க வந்தும் ஒருத்தரும் கேட்கல. எல்லாரும் அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தீங்க. அசைன்னு யாருமே கேட்காம இருந்தா, ஒரு மனுஷன் என்னம்மா நினைப்பான்? போயிடுச்சு போலன்னுதானே நினைப்பான்? நானும் கேட்கறதை விட்டுட்டேன்." மூச்சு வாங்கியது. "இத்தனை நாளா என் பல்லுக்கா கைதட்டினீங்க?"

"ஆமா சார். நானும்தான் தட்டினேன்."

"மாமா, ஒரு நிமிஷம்" என்றான் மச்சினன். "அடுத்த வாரம் பெரிய மனுஷங்க வர்றாங்க. அக்கா புதுச் சட்டை எடுத்து வச்சிருக்கு. பல்லோ கில்லோ, கை மூடுதுல்ல? அது முடியட்டும். அப்புறம் இதெல்லாம்..."

"டேய் மச்சான். பந்து கையில பட்டு வலைக்குள்ள போனா என்ன?"

"கோல் இல்ல."

"நம்ம டீம் போட்டிருந்தா?"

மச்சினன் ஃபிளாஸ்க் மூடியைத் திருக ஆரம்பித்தான். நடுவர் கொடியிடம் திரும்பினார். "கோல் செல்லாது. நடுவிலேர்ந்து ஆரம்பி."

நடுவிலிருந்து ஆரம்பித்தார்கள். கொடி பழைய பதிவுகளையும் பழைய நிரலையும் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, அதற்குப் 'பல்' என்று பெயர் வைத்தாள். அணைத்து வைத்திருந்த வடிகட்டியை மறுபடி இயக்கிவிட்டாள். நெற்றிப்பொட்டு முனைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாள். கணினிக்குப் புதுப்பாடம்: விசிறி நின்றால் கை மூடு, மற்ற எதற்கும் மூடாதே.

ஆனால் நடுவரின் தாடைக்குப் பழக்கம் விடவில்லை. கையை அசை என்றதும் பல் தானாகக் கவ்வும். அதற்கு வழி கண்டுபிடித்தவன் மச்சினன். ஒரு பிஸ்கட்டை எடுத்து நடுவரின் உதடுகளுக்கு நடுவே செருகினான். "கடிக்காம வச்சுக்கோங்க. உடைஞ்சா ஃபவுல்."

அதுவே முறையாகிவிட்டது. உதட்டில் பிஸ்கட், "கையை அசைங்க" என்று கொடி, பிஸ்கட் முழுசாக இருந்தால் முயற்சி கணக்கில் சேரும். உடைந்தால் சேராது, உடைந்ததை மச்சினன் தின்பான். முதல் நாள் அவனுக்கு மதியச் சாப்பாடே தேவைப்படவில்லை. அது மட்டுமில்லை, வாயில் பிஸ்கட்டோடு இருக்கும் மாமாவால் பதில் பேச முடியாது என்பதையும் அவன் கண்டுகொண்டான். ஸ்டூல் விஷயத்தில் தன் தரப்பு நியாயத்தை முதல்முறையாக, குறுக்கீடு இல்லாமல், விரிவாக எடுத்துரைத்தான். ஸ்டூலின் ஒரு கால் ஏற்கெனவே ஆடியதாம். பல்பை மாட்டச் சொன்னது அக்காவாம். நடுவர் கண்ணாலேயே சிவப்பு அட்டை காட்டிக்கொண்டிருந்தார்.

கை மட்டும் சரியாக அசையவில்லை. விசிறி நிற்கும், கணினி தயங்கும், பட்டை தூங்கும். பத்துக்கு இரண்டு தேறுவதே பெரும்பாடு, அதிலும் விரல் பாதியில் நின்றுவிடும். பல்லால் ஓடிய கை குதிரை. இது அப்போதுதான் பிறந்த கன்று. பயிற்சி முடிந்து தொப்பியைக் கழற்றும்போது நடுவரின் வழுக்கை ஜெல்லும் வியர்வையுமாகப் பளபளக்கும். "நாளைக்கும் கேட்பியா?" என்பார். "கேட்பேன்" என்பாள்.

பெரிய மனிதர்கள் வருவதற்கு முந்தின நாள். உதட்டில் பிஸ்கட். உள்ளங்கையில் பந்து.

"கையை அசைங்க."

விசிறி நின்றது. விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சந்தேகத்தோடு, புது வீட்டுக்குள் நுழைகிறவர்கள் மாதிரி மடங்கின. பந்தைப் பிடித்தன.

மச்சினன் அதைப் பார்த்துவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல், "மாமா, ஸ்டூல் மேல சத்தியமா நீங்கதான்!" என்று கத்தினான்.

நடுவருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வாய் அகலத் திறந்தது. பிஸ்கட் மடியில் விழுந்தது.

பந்து விழவில்லை.

வாய் திறந்திருந்தது, கை மூடியிருந்தது. மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். நடுவர் சிரித்துக்கொண்டே, பேசிக்கொண்டே, மச்சினனைத் திட்டிக்கொண்டே பந்தைப் பிடித்திருந்தார். அது பெரிய பிடி இல்லை. குழந்தை பிடுங்கினால் விட்டுவிடும். ஆனால் வாய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விட வேண்டும் என்று அவர் நினைத்தபோது விட்டது. அதற்கப்புறம் அன்று முழுக்க எத்தனையோ முறை கேட்டும் கை மூடவே இல்லை.

"இருக்கட்டும்" என்றார் நடுவர். "ஒரு கோல் போட்டாச்சு. செல்லுபடி."

"நாளைக்கு என்ன சார் பண்றது?"

"நீ எதை ஓட்டினாலும் நான் பல்லைக் கடிக்கப் போறதில்ல. எனக்கு வேணுங்கறது ஒரு பிஸ்கட். வர்றவங்களுக்குப் பந்தைப் பிடிச்சுக் காட்டறதுக்காக நான் வாழ்நாள் பூரா அவன் ஊட்டித் தின்னணுமா?"

மறுநாள் காலையில் அம்மா அவளுடைய வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்றோடு வேலை நிரந்தரம் என்பது அம்மாவின் கணக்கு. காலரை இரண்டாவது முறையாகத் தேய்த்தார்.

"அம்மா, நிரந்தரம் ஆகாது. அநேகமா இன்னைக்கே அனுப்பிடுவாங்க."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?"

"வாயால வந்த வினைதாம்மா, ஆனா என் வாய் இல்ல." பிஸ்கட் கதையைச் சொன்னாள். அம்மா முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தொப்பியையும் ஜெல்லையும் பற்றி ஒன்றும் கேட்காமல், "அந்த மனுஷன் சாப்பிட்டாரா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"அப்ப கோட்டைத் தேய்க்கவா, வேண்டாமா?"

"தேய்ம்மா. போட்டுக்கிட்டுத்தான் போவேன்."

இயக்குநரின் அறையில் மேசை துடைத்துப் பளபளத்தது. விருந்தினர்களுக்காகக் கோப்பைகள் அடுக்கியிருந்தன; நடுவே ஒரு தட்டு நிறைய பிஸ்கட். முதல் கோப்பையில் தனக்கு மட்டும் டீ ஊற்றி வைத்துக்கொண்டு, புது டையை நீவிவிட்டபடி அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாரம் முழுக்க அழைப்பிதழ், வரவேற்பு என்று அலைந்ததில் இன்று காலைதான் மதிப்பெண்களைத் திறந்திருக்கிறார்.

"தொண்ணூத்தி நாலு எங்கம்மா?"

"பல்லுல இருக்கு சார்."

சொன்னாள், எல்லாவற்றையும். கேட்கக் கூடாததைக் கேட்டதையும் சேர்த்துத்தான். அவர் முகத்தில் ஒவ்வொரு நிறமாக வந்து போனது. ஆனால் அவர் முட்டாள் இல்லை. வடிகட்டி என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் குரல் இறங்கியது.

"சரி, பல்லாவே இருக்கட்டும். அந்த மனுஷனுக்கு ஒரு கை கிடைச்சுது. அதைப் பிடுங்கிட்டு ஒரு விரலைக் குடுத்திருக்கே. இது நியாயமா?"

 அந்தக் கேள்வியை அவளே பல இரவுகள் தன்னிடம் கேட்டிருந்தாள்.

"சார், தட்டுலேர்ந்து ஒரு பிஸ்கட் எடுங்க."

"என்னது?"

"எடுங்க சார். இப்போ நீங்கதான் நடுவர். பல்லைக் கடிச்சிருக்கிறவரைக்கும் உங்க விரல் பிடிக்கும். பல்லைத் திறந்தா விரல் விட்டுடும். அதுதான் விதி. இப்போ சாப்பிடுங்க."

என்ன இருந்தாலும் ஆராய்ச்சிக்காரர். பரிசோதனை என்றால் கை தானாக நீளும். பல்லைக் கடித்துக்கொண்டு பிஸ்கட்டைத் தூக்கினார். உதட்டருகே கொண்டுபோனார். அங்கே நின்றார். யோசித்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். உதட்டை மட்டும் குவித்துப் பார்த்தார். கடைசியில், விதியை மீற மனம் வராமல், வாயைத் திறந்து விரலை விட்டார். பிஸ்கட் அவருடைய டீக்குள் விழுந்தது. டை முழுக்கத் தெறித்தது.

கொஞ்ச நேரம் இருவரும் கோப்பையைப் பார்த்தார்கள். பிஸ்கட் மெல்ல ஊறி, சாய்ந்து, மூழ்கியது.

"வர்றவங்க..." என்று டையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார் இயக்குநர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வர்றவங்க பிஸ்கட் பார்க்க வரல. பழைய ப்ரோக்ராம் இருக்குல்ல? இன்னைக்கு ஒரு நாள் அதை ஓட்டு. நாளையிலேர்ந்து நீ சொல்ற வடிகட்டி, நீ சொல்ற முறை, எல்லாம் உன் இஷ்டம்." இழுப்பறையைத் திறந்து, அவள் பெயர் எழுதி மையத்தின் முத்திரை குத்திய ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே என்ன என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "நான் கெட்டவன் இல்லம்மா. இந்த இடம் ஓடணும்."

"தெரியும் சார். நீங்க கெட்டவரா இருந்தா எனக்கு எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்."

"அப்போ ஓட்டறியா?"

"பழைய ப்ரோக்ராம் 'பல்'லுங்கற பேர்ல அங்கயே இருக்கு. யார் வேணும்னாலும் ஓட்டலாம். ஆனா நடுவர் சார் கடிக்க மாட்டார். சொல்லிட்டார். இன்னைக்கு அவர் கை பத்துல ரெண்டு தடவை மூடும். ஒருவேளை ஒரு தடவைகூட மூடாது. ஏன் மூடலன்னு வர்றவங்க கேட்டா, நான் இருந்தது இருந்தபடி சொல்லுவேன். தொண்ணூத்தி நாலையும் சேர்த்து."

"அதைச் சொல்றதா இருந்தா, அதுதான் உன் கடைசி நாள்."

"அது காலையிலயே தெரியும் சார். அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

வாசலில் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், டையில் இருந்த கறையைப் பார்த்தார். கொடி தட்டின் மேல் குனிந்தாள். ஓரம் உடைந்ததைத் தள்ளிவிட்டு, மேலே இருந்ததைப் புரட்டி, முழுசாக, கெட்டியாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். உறை இருந்த இடத்திலேயே இருந்தது.

"எங்கம்மா போறே? அவங்க வந்துட்டாங்க. இப்போ என்னதான் பண்ணப் போறே?"

"கேட்கக் கூடாததைக் கேட்கப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டு, நடுவரும் மச்சினனும் காத்திருந்த அறையை நோக்கி வெளியே நடந்தாள்.